டேங்கில் நட்சத்திரம், சேஸிஸில் சந்தேகம்

வாசகர் கேள்வி – பதில்: பழைய வாகனங்கள்

பிரிட்டிஷ் ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வட சென்னையிலிருந்து வந்தவை. அவற்றிலும் பெரும்பாலானவை பி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் நிறுவனம் செய்த கோல்டு ஸ்டார் என்ற ஒரே வண்டியைப் பற்றியவை. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: கல்மண்டபம் அருகே ஒரு வீட்டில் 1959ஆம் ஆண்டின் கோல்டு ஸ்டார் விற்பனைக்கு வந்திருக்கிறது. சேகரிப்பாளர்களுக்கு மட்டுமே கொடுப்போம் என்று சொல்லிப் பதினாறு லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். ஒரு லட்சம் முன்பணமாக உடனே வேண்டுமாம். இஞ்சினில் ‘டிபிடி 34 ஜிஎஸ்’ என்ற எண் உள்ளது. சேஸிஸ் எண் ‘சிபி 32’ என்று தொடங்குகிறது. ஆனால் அந்த 2 மட்டும் மற்ற எழுத்துகளைவிட ஆழமாகவும் சற்றுச் சாய்ந்தும் இருக்கிறது. டேங்கில் நட்சத்திரப் பதக்கம் பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், ராயபுரம்)

பதில்: முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் கண்ணில் பட்ட அந்தச் சாய்ந்த 2, நீங்கள் எழுதியிருக்கும் மற்ற எல்லா விவரங்களையும்விட முக்கியமானது.

இந்த வண்டிக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1937இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில், வால் ஹேண்ட்லி என்ற வீரர் பி.எஸ்.ஏ. எம்பயர் ஸ்டார் வண்டியில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஒரு சுற்றை முடித்தார். அங்கே அந்த வேகத்தைத் தொட்டவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் தங்க நட்சத்திரம் ஒன்றைக் கொடுப்பது வழக்கம். அந்தச் சிறு நட்சத்திரமே மறு ஆண்டு வந்த வண்டிக்குப் பெயராயிற்று. போருக்குப் பிறகு அலுமினிய சிலிண்டரோடு மீண்டும் வந்த கோல்டு ஸ்டார், பல மாற்றங்களைக் கடந்து 1956இல் டிபிடி 34 என்ற வடிவத்தை அடைந்தது: 499 சிசி, 85 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 88 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), பந்தயத்துக்கான அமல் ஜிபி கார்பரேட்டர், பின்னோக்கி வளைந்து செல்லும் புகைபோக்கிக் குழாய், ஏறக்குறைய 110 மைல் உச்ச வேகம். ஒவ்வொரு இஞ்சினையும் பர்மிங்காமின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் தனியாக ஓட்டிப் பார்த்து, அது கொடுத்த குதிரைத் திறனைத் தாளில் எழுதி வண்டியோடு அனுப்பினார்கள். 1963இல் உற்பத்தி நின்றது. வார நாள்களில் வேலைக்கு ஓட்டிச் சென்று, சனிக்கிழமை விளக்கைக் கழற்றிவிட்டுப் பந்தயத்தில் நிறுத்தக்கூடிய வண்டி என்ற பெயர் அதற்கு இருந்தது. சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பது அந்தப் பெயருக்குத்தான்.

இனி சிக்கலுக்கு வருவோம். அதே தொழிற்சாலை, அதே காலத்தில், அதே 85க்கு 88 அளவில் பி33 என்ற சாதுவான வண்டியையும் செய்தது. அதற்கு இரும்பு சிலிண்டர், இரும்பு ஹெட், அவசரமில்லாத இஞ்சின். அதன் தம்பி 350 சிசி பி31. இந்த இரண்டையும் எடுத்து, புதிதாகச் செய்து விற்கப்படும் அலுமினிய சிலிண்டரையும் வெள்ளி நிற டேங்கையும் மாட்டி, கைப்பிடியைத் தாழ்த்தி, கோல்டு ஸ்டார் என்று விற்பது இங்கிலாந்திலேயே பல ஆண்டுகளாக நடந்துவரும் கதை. டேங்கில் உள்ள பதக்கத்தை யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம். ஆகவே அதைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கீழே குனியுங்கள்.

கையில் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். சிலிண்டரின் வெளிப்புறத் தகடுகளில் அதை வைத்தால் ஒட்டக் கூடாது. உள்ளே இரும்பு லைனர் உண்டு என்றாலும், வெளியே இருப்பது அலுமினியம். ஒட்டிக்கொண்டால் வெள்ளிப் பெயின்ட் பூசிய பி33 சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்து, வண்டியின் வலப்பக்கம் தரையில் உட்கார்ந்து, இஞ்சினுக்கு அடியில் செல்லும் சேஸிஸ் குழாயை விரலால் தடவிப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரம் மேலும் கீழும் அசையும்படி பிடித்திருக்கும் கை) வைத்த கோல்டு ஸ்டாரில், ஆயில் பம்ப் புடைத்திருக்கும் இடத்தில் அந்தக் குழாய் விலகி வளைந்து போகும். பி31, பி33 சேஸிஸில் அந்த வளைவு கிடையாது. வெல்டிங் பட்டறையில் சூடுபடுத்தி அடித்து வளைத்திருந்தால், வளைவின் உட்புறத்தில் குழாய் நசுங்கியோ அலையலையாகவோ இருக்கும். பெயின்டுக்கு மேலேயே விரலுக்குத் தெரியும்.

மூன்றாவது, உங்கள் 2. டிபிடி 34 கோல்டு ஸ்டார்களின் சேஸிஸ் எண் ‘சிபி 32’ என்று தொடங்குவது சரிதான். ஆனால் ‘சிபி 31’ என்று தொடங்கும் சேஸிஸ்களும் உண்டு. அவை பி31, பி33 வண்டிகளுக்கு உரியவை. 1ஐத் தேய்த்து அழித்து, அதே இடத்தில் 2ஐ அடிக்க ஒரு சுத்தியலும் எண் பதிக்கும் ‘பஞ்ச்’ ஒன்றும் போதும். உங்கள் வண்டியில் அப்படித்தான் நடந்தது என்று கடிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் உலோகம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுப் பள்ளமாக, அரம் போட்டுத் தேய்த்ததுபோல இருக்கிறதா என்று பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் எதுவும் தெரியாது.

நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மாலை மங்கிய நேரத்தில், நாற்பது வாட் பல்பு எரிந்த ஒரு பின்கட்டில் வேறொரு பிரிட்டிஷ் வண்டியைப் பார்த்து, அதன் அழகில் மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் வெயிலில் துடைத்தபோது சிலிண்டரின் ‘அலுமினியம்’ என் கட்டைவிரல் நகத்தோடு வந்தது. விற்றவர் யார் என்பது இங்கே தேவையில்லை, அவசரப்பட்டவன் நான். பகலில், வண்டியைத் தெருவுக்குத் தள்ளி வரச் சொல்லிப் பாருங்கள். மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மூன்று சோதனையிலும் தேறினால், பதினாறு லட்சத்தைப் பற்றிப் பேரம் பேசலாம். சிலிண்டர் தேறி, சேஸிஸ் குழாயின் வளைவு தேறாவிட்டால், அது நல்ல இஞ்சின் வைத்த ஒரு கலப்பு வண்டி. அதற்கும் விலை உண்டு, ஆனால் இந்த விலை அல்ல. தவிர, எண்ணைத் திருத்திய வண்டி என்று தெரிந்துவிட்டால் விலையே பேச வேண்டாம்; நாளைக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: என்னிடம் காட்டப்பட்ட கோல்டு ஸ்டாரில் இஞ்சின் எண் ஒன்று, சேஸிஸ் எண் வேறொன்று. இதுவே அது போலி என்பதற்குச் சான்று ஆகாதா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: ஆகாது. அக்காலத்தில் பி.எஸ்.ஏ. இரண்டுக்கும் ஒரே எண்ணை இட்டதில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். எந்த இஞ்சின் எந்தச் சேஸிஸோடு தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்பது அனுப்புகைப் பேரேடுகளில் எழுதப்பட்டிருக்கிறது. அவை இங்கிலாந்தின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கட்டணம் செலுத்தினால் பார்த்துச் சொல்வார்கள். இன்ஷூரன்ஸுக்காகச் சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்போமே, அதே பென்சில் பிரிண்டையும் தெளிவான புகைப்படத்தையும் இரண்டு எண்களுக்கும் எடுத்து வையுங்கள். இந்தச் செலவை விற்பவர் தலையில் கட்டலாம். உண்மையான வண்டி வைத்திருப்பவர் அதற்குத் தயங்க மாட்டார், ஏனென்றால் அந்தத் தாள் வந்ததும் அவர் கேட்கும் விலைக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

கேள்வி: திருவொற்றியூரில் புல்லட் தயாரித்த இடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருமகன் ஒரு கோல்டு ஸ்டார் வாங்கியிருக்கிறார். “மாமா, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சாவி இல்லாத அந்த வண்டியை என் வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். புல்லட் தெரிந்த கைக்கு இது கட்டுப்படுமா? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: கட்டுப்படும் ஐயா; ஆனால் சில பழக்கங்களை மறக்க வேண்டும். 1955இல் சென்னையில் தொடங்கிய கூட்டு முயற்சியின் வழியாக உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த புல்லட், 70க்கு 90 என்ற அளவில் நீண்ட ஸ்ட்ரோக் வைத்து, மெதுவாக இழுக்கப் பிறந்த 346 சிசி இஞ்சின். இதுவோ ஏறக்குறைய சதுரமான அளவு. வேகமாகச் சுழலப் பிறந்தது.

பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்யும்போது அம்மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்த்து டிகம்ப்ரஷரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் லீவரை) விடுவீர்கள். இங்கே அந்த முள் உதவாது. பேட்டரி, காயில் இல்லாமல் தானே மின்சாரம் உண்டாக்கும் லூகாஸ் மேக்னெட்டோவே பொறியைக் கொடுப்பதால், பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைக் கால்தான் சொல்ல வேண்டும். பெட்ரோலைத் திறந்து, கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையின் டிக்ளர் பொத்தானை விரல் நனையும் வரை அழுத்துங்கள். கைப்பிடியில் உள்ள இக்னிஷன் லீவரைச் சிறிது ரிடார்டு செய்யுங்கள், அதாவது பொறி சற்றுத் தாமதமாக வரும்படி வையுங்கள். மறந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், உங்கள் வயதில் கணுக்கால் தாங்காது. கிக்கர் முட்டும் இடம் வரை மெதுவாக அழுத்தி, டிகம்ப்ரஷர் வேலையைச் செய்யும் வால்வு லிஃப்டரைப் பிடித்துப் பிஸ்டனை அந்த முட்டுக்கு ஒரு நூல் அளவு தாண்ட விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு உதைக்காமல் முழு உடம்பின் எடையோடு ஒரே நீளமான மிதியாக மிதியுங்கள். ஆக்சிலரேட்டரைத் திருகவே வேண்டாம்.

பிடித்துக்கொண்டதும் ஐடிலிங்கில் நிற்கவைக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். ஜிபி கார்பரேட்டர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சிக்னலில் வலது கை சும்மா இருக்க முடியாது. அதோடு ஆர்ஆர்டி2 என்ற நெருக்கமான பல்விகிதக் கியர் பெட்டி அதில் இருந்தால், முதல் கியரிலேயே மணிக்கு 60 மைல் வரை போகும். கேட்பதற்கு இனிமையாக இருக்கும் இந்தச் செய்தியின் பொருள் என்னவென்றால், ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் நடை வேகத்தில் ஊர்ந்தால் கிளட்ச்சைப் பாதியில் பிடித்து வழுக்கவிட்டுக்கொண்டே போக வேண்டும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இதை ஓட்டிச் செல்லும் எண்ணம் மருமகனுக்கு இருந்தால், மாமனார் என்ற முறையில் தடுத்துவிடுங்கள். ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணி சரியான நேரம்.

எஞ்சியவை இரண்டு. ஸ்பானர்: மெட்ரிக் ஸ்பானரைத் தொடவே கூடாது, விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு செட் வேண்டும். நட்டின் மூலைகள் உருண்டுபோயிருந்தால், உங்களுக்கு முன்னால் இந்த வண்டியில் கை வைத்தவர் யார் என்பதை அவையே சொல்லும். மேக்னெட்டோ: குளிர்ந்திருக்கும்போது ஒரே மிதியில் பிடித்து, பத்துக் கிலோமீட்டர் ஓடி நிறுத்திய பின் சூட்டில் பிடிக்க மறுத்தால், கார்பரேட்டரைக் கழற்றாதீர்கள். மேக்னெட்டோவுக்குள் சுழலும் கம்பிச் சுருளான ஆர்மேச்சரின் பழைய அரக்குப் பூச்சு இளகிவிட்டது, அல்லது உள்ளே இருக்கும் கண்டென்சர் போய்விட்டது என்று பொருள். மறுபடி சுற்றித் தரத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கடலிலிருந்து நாலு தெரு தள்ளி. வாங்கி வைத்தால் துரு பிடிக்குமா? (வாசகர், காசிமேடு)

பதில்: பிடிக்கும். குரோம் பூசிய டேங்கிலும் மட்கார்டிலும் உப்புக் காற்று முதலில் ஊசிமுனை அளவு புள்ளி வைக்கும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினால் ஈரம் உள்ளேயே நின்று நிலைமை மோசமாகும். பழைய பருத்திப் புடவை மேல். தரைத்தளமாக இருந்தால் வண்டியை ஒன்றரை அடி மேடையில் ஏற்றுங்கள். 2023 டிசம்பர் மழையில் வட சென்னையில் வீடு வீடாகத் தண்ணீர் புகுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விற்பனைக்கு வரும் எந்த வண்டியானாலும் அந்த வாரம் எங்கே நின்றது என்று கேளுங்கள், மேக்னெட்டோ மூடியைத் திறந்து சேற்றுக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் ஃப்ளோட் அறையையும் காலி செய்துவிடுங்கள். ஃபைபர் டேங்க் மாட்டியிருந்தால் எத்தனால் அதை அரித்துப் பிசினாக்கிவிடும். இரும்பு டேங்குக்கு மாறுங்கள். நின்ற வண்டியில் ஆயில், அதற்கென உள்ள தனி டேங்கிலிருந்து பம்ப் வழியாக மெல்லக் கசிந்து இஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் தேங்கும். ஆகவே நீண்ட நாள் கழித்து மிதிப்பதற்கு முன் அடியில் உள்ள பிளக்கைத் திறந்து வடித்துவிடுங்கள்.

கேள்வி: ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டது, ‘விண்டேஜ்’ என்று பதிந்துகொள்ளலாம் என்று விற்பவர் சொல்கிறார். அப்படி ஒரு வழி உண்டா? (வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: வழி உண்டு, அவர் சொல்லும் அளவுக்கு அகலமான வழி அல்ல. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர வாகனங்களும் கார்களும் அதில் அடங்கும். ஏற்கெனவே பதிவு பெற்ற வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்; புதிதாகப் பதிபவற்றுக்கு மாநில எழுத்துகளுக்குப் பின் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும்; மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். தினமும் மார்க்கெட்டுக்குப் போக முடியாது. விற்றால் விற்பவரும் வாங்குபவரும் 90 நாள்களுக்குள் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆனால் அந்த விதி, வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்றும், சேஸிஸிலோ இஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பி33ஐக் கோல்டு ஸ்டாராக மாற்றியவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். தவிர, வண்டி யாருடையது என்பதற்கு இந்தப் பதிவு மாற்று ஆகாது. பழைய மெட்ராஸ் எண் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடைசியாக யார் பெயரில் இருந்தது என்பதை உரிய அலுவலகத்தில் கேட்டு, அவரோ அவருடைய வாரிசுகளோ கையெழுத்திட்டு, டூப்ளிகேட் ஆர்.சி. வாங்கித் தந்த பிறகு பணம் கொடுங்கள். இறக்குமதியான வண்டி என்றால் சுங்கத்துறைத் தாள் இல்லாமல் தொடவே வேண்டாம்.

கேள்வி: புது கோல்டு ஸ்டார் இதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு? (கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

பதில்: தம்பி, தினமும் ஓட்டுவதற்கு என்றால் நீங்கள் சொல்வதே சரி. 2024 ஆகஸ்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த அந்த 652 சிசி வண்டி, பட்டனை அழுத்தினால் கிளம்பும், பிரேக் பிடித்தால் நிற்கும். பெயரும் சாயலும் பழையவை. ஒரு போல்ட்டுகூடப் பழையது அல்ல. இந்தப் பக்கத்துக்கு எழுதுபவர்கள் ஓட்டுவதற்கு வாங்குபவர்கள் அல்ல என்பதைச் சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: தாத்தா ஓட்டிய பி33 எங்கள் வீட்டு நடையில் இருபது ஆண்டுகளாக நிற்கிறது. ஆர்.சி. புத்தகம் தாத்தா பெயரில் பத்திரமாக உள்ளது. ஐந்து லட்சம் செலவழித்தால் கோல்டு ஸ்டாராக மாற்றித் தருவதாகவும், மூன்று மடங்கு விலைக்கு விற்றுத் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். (வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: இன்றைய முதல் கேள்வியை எழுதிய ராயபுரத்துக்காரரைப் போன்ற ஒருவர் தலையில்தான் அந்த வண்டியைக் கட்டப் போகிறார்கள், அம்மா. தாத்தா பெயரில் புத்தகமும், பஞ்ச் படாத எண்களும், கழற்றப்படாத இரும்பு சிலிண்டரும் உள்ள பி33 அபூர்வமான பொருள். அதை மாற்றிய நாளிலிருந்து அது பி33யும் அல்ல, கோல்டு ஸ்டாரும் அல்ல. வந்தவரை அனுப்பிவிட்டு, வாரிசுச் சான்றிதழோடு புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை முதலில் முடியுங்கள்.

வண்டியைப் பொறுத்தவரை இப்போதைக்கு யாரும் கிக்கரை மிதிக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் இரண்டு கரண்டி இஞ்சின் ஆயிலை விட்டு, ஒரு வாரம் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்னோக்கி உருட்டிப் பாருங்கள். அசைந்தால் எனக்கு எழுதுங்கள். அசையவில்லை என்றாலும் எழுதுங்கள், சுத்தியலோடு யாரையும் உள்ளே விடாதீர்கள்.